மிளகாயின் மேல் விழுந்த பழி

1970களின் கடைசியில், கோவையில் எங்கள் வீட்டு அம்மியில் மிளகாய் அரைபடுவது நின்றது. எனக்கு அல்சர் என்று டாக்டர் சொன்னதுதான் காரணம். பெரியவர் சிறியவர் எல்லாம் சேர்ந்தால் ஒரு பந்திக்கு ஆள் இருக்கும் வீடு. புண் இருந்தது என் ஒருவன் வயிற்றில்தான். ஆனாலும் அம்மா இரண்டு குழம்பு வைக்கவில்லை. எனக்கு ஒத்துக்கொள்ளும் குழம்பையே எல்லாருக்கும் ஊற்றினாள். வரமிளகாய் கிடையாது, புளி பேருக்கு, கொள்ளு ரசம் அறவே இல்லை. யாராவது முகம் சுளித்தால், "அவன் முன்னால உக்காந்து நாம உறைப்பாத் திங்கறதா? தொண்டையில எறங்குமா அது?" என்று ஒரே கேள்வியில் அடக்கிவிடுவாள். பிறகு எனக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண், பழைய சோற்றுக்குப் பச்சைமிளகாய் கடித்து வளர்ந்தவள். அவளும் வாய் திறக்காமல் அந்தச் சமையலுக்குப் பழகிக்கொண்டாள்.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. என் வயிற்றுப் புண்ணுக்கும் அந்த மிளகாய்க்கும் சம்பந்தமே இருக்கவில்லை என்று எனக்குத் தெரியவந்தபோது அம்மா உயிரோடு இல்லை. அவளிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். இதே பழியை இன்றும் எத்தனையோ வீடுகளில் சுமக்கிறார்கள்.

நான் ஆர்.எம்.எஸ். என்கிற ரயில்வே தபால் பிரிவில் சார்ட்டிங் வேலை பார்த்தவன். கோவையிலிருந்து சென்னைக்குப் போகும் இரவு ரயிலின் தபால் பெட்டியில் நின்றபடியே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிப்போம். ஈரோடு தாண்டும்வரை வயிற்றில் ஒன்றும் தெரியாது. சேலம் போனதும் மேல்வயிற்றில், தொப்புளுக்கும் நெஞ்சுக்குழிக்கும் நடுவில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் எரிய ஆரம்பிக்கும். ஜோலார்பேட்டை வரும்போது முதுகுவரை ஊடுருவியிருக்கும். அங்கே நடைமேடையில் சூடாகப் பால் விற்பவர்கள் ஜன்னலோரம் வருவார்கள். ஒரு தம்ளர் குடித்தால் வலி அடங்கும். காட்பாடிக்குப் போவதற்குள் மறுபடி கிளம்பும்.

சிறுகுடல் தொடங்கும் இடத்தை டியோடினம் என்பார்கள். அங்கே வரும் புண்ணின் குணமே இதுதான். உணவு உள்ளே இருக்கும்வரை சும்மா இருக்கும், வயிறு காலியானதும் அமிலம் நேராகப் புண்ணில் படும். நள்ளிரவில் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும். பசியில் வலிக்கிறது, சாப்பிட்டால் நிற்கிறது என்றால் பார்ப்பவர்களுக்கு என்ன தோன்றும்? இவன் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, அதுதான் புண் வந்துவிட்டது என்று தோன்றும். வலி எழும் நேரத்தைப் பார்த்து, நோய் பிறந்த காரணத்தை முடிவு செய்துவிட்டார்கள். டாக்டர் சொன்னார், அலுவலகத்தில் மூத்தவர்கள் சொன்னார்கள், தெருவில் காய்கறி விற்றவர்கூடச் சொன்னார். "ரயில் வேலை, நேரங்கெட்ட நேரத்துல டீ. பின்ன வயிறு என்னாகும்?"

என் அப்பா ரயிலில் வேலை பார்க்கவில்லை. பஞ்சாலையில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் போனவர். அவருக்கும் இதே வலி. சட்டைப்பையில் எப்போதும் காகிதத்தில் மடித்த ஆப்பசோடா இருக்கும். வலி எடுத்தால் ஒரு சிட்டிகை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். பெரிதாக ஓர் ஏப்பம் வரும், முகம் கொஞ்சம் தெளியும். அவரைப் பற்றி உறவில் சொன்ன காரணம் வேறு: கோபக்காரன், எல்லாக் கோபத்தையும் வயிற்றுக்குள் போட்டு வைக்கிறான், அதுதான் உள்ளே புண்ணாகிவிட்டது. இதைச் சொன்னது சொந்தக்காரர்கள் மட்டுமல்ல. சிகாகோவில் இருந்த உளப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் 1950இல் வெளியிட்ட நூலில், மனத்திலிருந்து உடம்புக்கு வருவதாக அவர் கருதிய நோய்களின் வரிசையில் வயிற்றுப் புண்ணுக்கும் இடம் இருந்தது. உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் பல காலம் அப்படித்தான் படித்தார்கள்.

நான் அப்பாவோடு வாழ்ந்தவன். அவர் கோபப்பட்டதெல்லாம் வலி எடுத்த நேரத்தில்தான். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, தூக்கமும் இல்லாமல் வலியும் தாங்காமல் கிடக்கும் மனிதன் குழந்தைகள் சத்தம் போட்டால் எரிந்து விழத்தான் செய்வான். வலி அடங்கிய மாதங்களில் எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு பேரூர்த் தேருக்குப் போவார். ஆனால் அவர் கோபம்தான் அவர் நோய் என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. கடைசியில் ஒரு நாள் கன்னங்கரேலென்று வெளிக்குப் போய், ரத்தம் கக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் இறந்தார். எழவு வீட்டிலேயே ஒருவர் சொன்னார், "கொஞ்சம் சாந்தமா இருந்திருந்தா இன்னும் பத்து வருசம் இருந்திருப்பாரு" என்று. அந்த வாக்கியத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தென்னிந்தியாவில் இந்த நோய் ஏன் இவ்வளவு என்ற கேள்வியை அந்தக் காலத்திலேயே கேட்டவர்கள் உண்டு. மேற்கு ரயில்வேயில் தலைமை மருத்துவராக இருந்த எஸ்.எல். மல்ஹோத்ரா 1960களில் ரயில்வே ஊழியர்களிடையே கணக்கெடுத்துப் பார்த்து, வடக்கத்தியர்களைவிடத் தெற்கத்தியர்களுக்கு டியோடின அல்சர் மிக அதிகம் என்று எழுதினார். ஒரே துறை, ஒரே மாதிரியான வேலை, ஒரே மாதிரியான சம்பளம் என்பதால் அவருக்கு உணவின் மேல் சந்தேகம் வந்தது. கோதுமை ரொட்டியை நன்றாக மெல்லாமல் விழுங்க முடியாது, மெல்லும்போது எச்சில் ஊறும். குழைந்த சோறும் குழம்பும் மெல்லாமலே உள்ளே போய்விடும் என்பது அவர் விளக்கம். அக்கறையோடு செய்த வேலை அது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிப்பட்ட பேச்சுகள் வார்டுவரை வந்து சேர்ந்தபோது, "சோத்தை விடு, சப்பாத்தி தின்னு" என்ற கட்டளையாக மட்டும் மிஞ்சின. எங்கள் வீட்டில் அதுவரை சப்பாத்திக் கட்டை கிடையாது. எனக்காக வாங்கினார்கள்.

சப்பாத்தியைவிடப் பெரிய கட்டளை பால். 1915இல் சிகாகோவில் பெர்ட்ரம் சிப்பி என்ற மருத்துவர் ஒரு பத்திய முறையை வகுத்தார். காலை ஏழு மணியிலிருந்து இரவு ஏழு மணிவரை மணிக்கொரு தரம் பாலும் பாலேடும் கலந்து கொடுப்பது, இடையிடையே அமிலத்தை முறிக்கும் பொடிகள் கொடுப்பது. அமிலம் தனியாக இருக்க ஒரு நிமிடம்கூட விடக்கூடாது என்பது அதன் தத்துவம். எத்தனையோ பத்தாண்டுகள் கழித்து, கடல் தாண்டி, கோவையில் ஒரு தபால் ஊழியனின் கையில் கொடுத்த மஞ்சள் தாளிலும் அதன் சாயல் இருந்தது. இரண்டு மணிக்கொரு முறை பால், பால் கஞ்சி, மசித்த இட்லி, வேகவைத்த உருளைக்கிழங்கு. காரம், புளி, எண்ணெய், பயறு, பச்சைக் காய்கறி, காபி எல்லாவற்றையும் அடித்திருந்தார்கள். பீடியையும் அடித்திருந்தார்கள். அந்தத் தாளில் இன்றைக்கும் செல்லுபடியாவது அந்தக் கடைசி வரி. புகை புண்ணை ஆறவிடாது என்பது பிற்காலத்தில் உறுதியான உண்மை.

பால் வாங்குவதற்காக அம்மா தன் காதில் இருந்ததை அடகு வைத்தாள். தபால் பெட்டிக்கு நான் பிளாஸ்கில் பால் கொண்டுபோனேன். சென்னையில் நாங்கள் தங்கும் ஓய்வு இல்லத்தில் மற்றவர்கள் சேர்ந்து சமைப்பார்கள், மீன் குழம்பு கொதிக்கும். நான் ஓரமாக உட்கார்ந்து பாலில் ரொட்டியைத் தொட்டுத் தின்பேன். "சாப்பாட்டுல கட்டுப்பாடா இருந்தா சரியாப் போயிடும்பா" என்று அவர்கள் அன்போடுதான் சொன்னார்கள். சரியாகாதபோது, கட்டுப்பாடு போதவில்லை என்றுதான் அர்த்தமாகும், இல்லையா? அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வெளியில ஏதாச்சும் தின்னியா கண்ணு? நெசத்தைச் சொல்லு" என்று கேட்பாள். நான் எதுவும் தின்றிருக்க மாட்டேன். அவளும் நம்புவாள். அப்புறம் தன் சமையலிலேயே எங்கேயோ தப்பு என்று நினைத்துக்கொண்டு, தாளிப்பில் இருந்த சீரகத்தையும் நிறுத்துவாள்.

இப்போது சொல்லப்போவதை முதலில் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. 1976இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் பால் குடித்தவர்களின் இரைப்பையில் அமிலச் சுரப்பை அளந்து பார்த்தார்கள். கொழுப்புள்ள பால், கொழுப்பு நீக்கிய பால் எதைக் குடித்தாலும் அமிலம் கூடியது. பாலில் இருக்கும் புரதமும் கால்சியமும் அமிலச் சுரப்பைத் தூண்டக்கூடியவை. அதனால்தான் ஜோலார்பேட்டையில் அடங்கிய வலி காட்பாடிக்கு முன்பே திரும்பியது. இன்னொரு ஆய்வு நம் டில்லியிலேயே நடந்தது. டியோடின அல்சர் நோயாளிகள் 65 பேர், எல்லாருக்கும் சிமெடிடின் மாத்திரை. ஒரு பகுதியினருக்குப் பால் மட்டுமே ஆகாரம், மற்றவர்களுக்கு வழக்கமான சாப்பாடு. நான்கு வாரம் கழித்துப் பார்த்தால், பால் குடித்தவர்களில் 53 சதவீதம் பேருக்குப் புண் ஆறியிருந்தது. சோறு, ரொட்டி என்று வழக்கம்போலச் சாப்பிட்டவர்களில் 78 சதவீதம். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1986இல் வந்த கட்டுரை அது. காதில் இருந்ததை அடகு வைத்து அம்மா எனக்கு ஊட்டியது, என் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் ஒன்றை.

மிளகாய் பற்றியும் பார்த்திருக்கிறார்கள். 1988இல் அமெரிக்காவில் ஆரோக்கியமானவர்களுக்கு நல்ல காரமான மிளகாய் போட்ட உணவைக் கொடுத்து, பிறகு எண்டோஸ்கோப்பியால் உள்ளே பார்த்தார்கள். இரைப்பைச் சுவர் புண்படவில்லை. ஒப்பிடுவதற்காகக் கொடுத்த ஆஸ்பிரின்தான் காயம் செய்திருந்தது. 1995இல் சிங்கப்பூரில் வந்த ஆய்வில், அல்சர் வந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மிளகாய் சாப்பிடுகிறவர்களாக இருந்தார்கள். காரம் சிலருக்கு நெஞ்செரிச்சலைக் கிளப்பும், அது உண்மை, அப்படிப்பட்டவர்கள் குறைத்துக்கொள்ளட்டும். ஆனால் எரிவது வேறு, புண்ணை உண்டாக்குவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் எங்கள் வீட்டுச் சமையலைப் பறித்தார்கள்.

1981இல் என் வயிறு அடைத்துக்கொண்டது. புண் ஆறுவதும் மறுபடி வருவதுமாக இருந்ததில் தழும்பு இறுகி, இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வழி சுருங்கிவிட்டது. நேற்று மத்தியானம் சாப்பிட்டது இன்று ராத்திரி அப்படியே வாந்தியில் வந்தது. வாந்தி எடுத்தால்தான் நிம்மதி என்ற நிலை. தென்னிந்தியாவில் அந்த நாட்களில் அரசு மருத்துவமனை அறுவை சிகிச்சை வார்டுகளில் இப்படி எலும்பும் தோலுமாகப் படுத்திருந்த ஆண்கள் நிறையப் பேர். வயலில் வேலை செய்தவர்கள், லாரி ஓட்டியவர்கள், தறி நெய்தவர்கள். 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த சிமெடிடின், அமிலத்தை அடக்கிப் பலரைக் கத்தியிலிருந்து காப்பாற்றியது; அதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். அது என் கைக்கு எட்டுவதற்குள் தழும்பு முந்திவிட்டது.

எனக்குச் செய்தது வேகாட்டமியும் ஜி.ஜே.யும். அமிலம் சுரக்கச் சொல்லி மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பை வெட்டிவிடுவார்கள். அந்த நரம்பு இல்லாமல் இரைப்பை தானாகக் காலியாகாது. அதனால் இரைப்பையின் அடிப்பக்கத்தில் ஒரு வாய் திறந்து சிறுகுடலோடு நேராகத் தைத்துவிடுவார்கள். அறுவை செய்தவர் திறமைசாலி, அன்பானவர். நள்ளிரவு வலி அதோடு போனது. பல வருடங்களுக்குப் பிறகு, ராத்திரி முழுக்க ஒரே தூக்கமாகத் தூங்கினேன்.

ஆனால் அதற்குப் பிறகு என் சாப்பாட்டு வாழ்க்கை தலைகீழாக மாறியது. முன்பு குழைவாகச் சாப்பிடு, நிறையப் பால் குடி என்றார்கள். இப்போது பால் குடித்தால் வயிறு புரண்டு ஓடியது. முன்பு ரசம் சாதம் நல்லது. இப்போது நீர்த்த சாப்பாடு புதிய வழியில் தடையில்லாமல் குடலுக்குள் கொட்டியது. அதில் இனிப்பும் இருந்துவிட்டால், சாப்பிட்டு அரை மணிக்குள் நெஞ்சு படபடக்கும், உடம்பெல்லாம் வியர்க்கும், கண் இருட்டும், அப்படியே படுத்துவிட வேண்டும். ஒரே நேரத்தில் இவ்வளவு சர்க்கரைக் கரைசல் குடலில் இறங்கினால் ரத்தத்தில் இருக்கும் நீர் அதை நோக்கிப் பாயும், அதனால் வரும் மயக்கம் அது. டாக்டர்கள் டம்பிங் என்பார்கள். சில நேரம் இரண்டு மணி நேரம் கழித்து வேறுவிதமாக வரும்: சர்க்கரை மளமளவென்று ஏறி, இன்சுலின் அதிகமாகச் சுரந்து, பிறகு சர்க்கரை சரிந்து, கை நடுங்கிப் பசி பிடுங்கும்.

முதல் தடவை என் தங்கை கல்யாணப் பந்தியில் வந்தது. இலையில் ஒப்பிட்டு, பக்கத்தில் பாயசம். இத்தனை வருடம் கழித்து எல்லாம் சாப்பிடலாம் என்ற சந்தோஷத்தில் இரண்டையும் சாப்பிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க, திண்ணையில் வியர்த்துக் கொட்டிப் படுத்தேன். அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே அழுதாள். ஆபரேஷன் செய்தும் இவன் வாயைக் கட்டவில்லை என்ற பேச்சு அந்தப் பந்தலிலேயே கிளம்பியது.

அதன் பிறகு என் மனைவிதான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். புத்தகம் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. எதைச் சாப்பிட்ட பிறகு நான் சுவரில் சாய்கிறேன், எதைச் சாப்பிட்ட பிறகு பேசிக்கொண்டே இருக்கிறேன் என்று கவனித்தாள். சோற்றைப் பாதியாக்கி, மீதியை நாலு மணிக்கு வைத்தாள். சாப்பிடும்போது தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அரை மணி கழித்துத்தான் திரும்ப வரும். குழம்பை ஊற்றாமல் பருப்பும் பொரியலும் கூட்டினாள். முட்டை, சுண்டல், நெய் விட்ட அரிசியும் பருப்பும் என்று இறங்கத் தாமதமாகும் சாப்பாடாகப் பார்த்துக் கொடுத்தாள். சுக்குட்டிக் கீரையைத் தேங்காய் போட்டுப் பொரித்தாள். சாப்பிட்டதும் "கொஞ்ச நேரம் கட்டையைச் சாச்சுக்கோங்க" என்பாள். பிற்காலத்தில் ஓர் உணவியல் நிபுணரிடம் இதையெல்லாம் சொன்னபோது, நாங்கள் எழுதிக் கொடுப்பதும் இதேதான் என்றார். என் மனைவிக்கு அதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, கறிவேப்பிலை உருவப் போய்விட்டாள்.

என் வயிற்றை வெட்டித் தைத்துக்கொண்டிருந்த அதே வருடத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோயியல் நிபுணரும் பேரி மார்ஷல் என்ற இளம் டாக்டரும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியிருந்தார்கள். நோயாளிகளின் இரைப்பைத் திசுவில் வளைந்த ஒரு கிருமியை வாரன் 1979இலேயே பார்த்திருந்தார். இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று எல்லாரும் நம்பிய காலம். அதை ஆய்வகத்தில் வளர்க்கப் பலமுறை முயன்றும் முடியவில்லை. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் வழக்கத்தைவிட அதிக நாள் அப்படியே கிடந்ததில் கிருமி வளர்ந்திருந்தது. அதுவரை அவற்றை இரண்டு நாளில் எறிந்துவிட்டிருந்தார்கள். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலை, யாரும் நம்பாததால், தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி, இரைப்பை அழற்சி. பின்னாளில் ஹெலிகோபேக்டர் பைலோரி என்று பெயர் பெற்ற அதுதான் டியோடினப் புண்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்பதும், அதைக் கொன்றால் புண் திரும்ப வருவது அரிது என்பதும் நிலைநாட்டப்பட்டன. 1994இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, இந்தக் கிருமி இருக்கும் அல்சர் நோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும் என்று அறிவித்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வருகிறது. நெருக்கமாக வாழும் வீடுகளில், தண்ணீர் வசதி குறைந்த இடங்களில் அதிகம். நம் நாட்டில் வளர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் அது இருக்கிறது. அவர்களில் சிலருக்கே புண் வருகிறது. மில் லைன் வீட்டில் ஒரே அறையில், ஒரே தட்டில் பிசைந்த சோற்றை வாய்க்கு வாய் வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பாவின் கோபம் எனக்கு வரவில்லை, அவருடைய ஷிப்ட் எனக்கு வரவில்லை. வலி மட்டும் ஏன் வந்தது என்பதற்கு அதில் பதில் இருக்கிறது.

என் மகனுக்கு 2004இல், திருப்பூரில் வேலை பார்த்தபோது, நள்ளிரவு எரிச்சல் தொடங்கியது. அவன் போனில் சொன்னதும் என் மனைவி பேச்சற்று உட்கார்ந்துவிட்டாள். எண்டோஸ்கோப்பி செய்தார்கள். இரைப்பையிலிருந்து எடுத்த ஒரு துளித் திசுவை மஞ்சள் நிறக் கூழில் வைத்தார் டாக்டர். நாங்கள் வெளியில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கூழ் ரோஜா நிறமாகியிருந்தது. கிருமி உண்டாக்கும் யூரியேஸ் என்ற நொதியின் வேலை அது. இரண்டு ஆன்டிபயாடிக், அமிலத்தை அடக்க ஒரு மாத்திரை, இரண்டு வாரம். "சாப்பாட்டுல என்னங்க டாக்டர் பத்தியம்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க. வலி மாத்திரை கண்டபடி போடக்கூடாது, சிகரெட் கூடாது. மத்தபடி வீட்டுச் சாப்பாடு" என்றார். நான் அதே கேள்வியை மறுபடி கேட்டேன். அவர் பொறுமையாக அதே பதிலை மறுபடி சொன்னார்.

என்னையும் சோதித்தார்கள். என்னிடமும் கிருமி இருந்தது, அதே மாத்திரைகளில் ஒழிந்தது. ஆனால் வெட்டிய நரம்பும் தைத்த குடலும் பழையபடி ஆகாது. மகன் எல்லாம் சாப்பிடுகிறான். நான் இன்றைக்கும் தண்ணீர் குடிக்க அரை மணி காத்திருக்கிறேன். இரும்புச் சத்தும் பி12ம் என் உடம்பில் சரியாகச் சேர்வதில்லை. மாத்திரையும் ஊசியும் உண்டு. சில காலைகளில் பித்தம் கசந்து மஞ்சளாக வாயில் வரும். கல்யாணங்களில் முதல் பந்தியில் உட்காராமல், கூட்டம் குறைந்த பிறகு போய், இலையில் பாயசம் விழுவதற்கு முன்பே கை காட்டிவிடுகிறேன். காரம் சாப்பிடுகிறேன். பச்சைமிளகாய்த் துவையலுக்கு என் வயிறு ஒரு நாளும் மறுப்புச் சொன்னதில்லை.

அன்றைக்கு எனக்கு வைத்தியம் பார்த்தவர்கள் மேல் எனக்கு மனக்குறை இல்லை. இருந்த அறிவைக் கொண்டு செய்தார்கள், என்னை உயிரோடு வைத்தார்கள். மனசு ஆறாதது இன்றைக்கு நடப்பதைப் பார்க்கும்போதுதான். காரணம் தெரிந்து இவ்வளவு காலம் ஆன பிறகும், எரிகிறது என்று வருபவனிடம் "டென்ஷனைக் குறை, வெளிச் சாப்பாட்டை விடு" என்று சொல்லி, அமில மாத்திரை மட்டும் எழுதி அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. மருந்துக் கடையில் கேட்டாலே கிடைக்கிறது. தேவைப்படுபவர்களுக்கு அது அருமையான மருந்து. ஆனால் கிருமி உள்ளே இருக்கும்போது மாத்திரையை மட்டும் வருடக்கணக்கில் விழுங்கினால் எரிச்சல் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும். அந்தக் கிருமி இரைப்பைப் புற்றுநோய்க்கும் காரணமாகக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994இலேயே வகைப்படுத்தியிருக்கிறது. இன்னொரு பக்கம் முட்டிவலிக்கும் இடுப்புவலிக்கும் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகள். அவற்றால் வரும் புண் பல நேரம் வலியே இல்லாமல் முதலில் ரத்தமாகத்தான் தன்னைக் காட்டும். வெளிக்குக் கறுப்பாகப் போனால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். என் அப்பாவை நினைத்துச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பையன், உணவு டெலிவரி வேலை. ராத்திரி இரண்டு மணிக்கு வலி, பிஸ்கட் தின்றால் அடங்குகிறது என்றான். அவன் அம்மா என்னிடம் புலம்பினார்: "நேரத்துக்குத் திங்கறதே இல்லீங்கய்யா. நானும் காரத்தையெல்லாம் நிறுத்திப் பாத்துட்டேன். பால்தான் குடுக்கறேன்." நான் அவர் சமையலறையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கைச் சமையல் எந்தத் தப்பும் செய்யவில்லை அம்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மறுவாரம் அவனை எண்டோஸ்கோப்பிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிருமி இருந்தது. மாத்திரை கடுமையானது, வாய் கசக்கும், வயிறு போகும், ஆனாலும் பாதியில் நிறுத்தினால் மிச்சக் கிருமி மருந்துக்கு மசியாமல் போகலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நம் நாட்டில் அந்தத் தொந்தரவு ஏற்கெனவே அதிகம். பையன் தினமும் காலையும் இரவும் மாத்திரை போட்டதும் எனக்குப் போனில் தகவல் அனுப்புகிறான். மருந்து முடிந்து நாலு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மூச்சை ஊதவைத்துச் சோதிப்பார்கள். அதற்கும் நான் கூடப் போகிறேன்.